தோட்டமும் உயனவும்: கொழும்பு நகர மீளமைப்பின் மொழி பற்றிய சில குறிப்புகள்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை இரு கூறாக வகுத்துக் காட்டுகின்றது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்திலே யவனரும் பிறநாட்டு வணிகரும் குடியிருக்கின்றனர். நெசவாளர், கன்னார், தச்சர், கொல்லர், தோல்வினைஞர், மீன் விற்போர், உப்பு விற்போர், பிட்டு விற்போர், அப்பஞ் சுடுவோர் ஆகியோரும் அங்கேயே வாழ்கின்றனர். பட்டினப்பாக்கத்திலே அரசவீதியும் தேர்வீதியும் பெருங்குடி வணிகரின் மாடங்களும் மறையோர் இருக்கையும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே மரங்களின் நிழலிலே நாளங்காடி நிகழ்கின்றது. உரைகாரரும் அவர்வழிப் பிற்காலத்து ஆசிரியரும் இப்பகுதியை நகர வருணனை எனக் கொண்டு, அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறி அப்பாற் சென்றுள்ளனர். நமது வகுப்பறைகளிலும் அது பெரும்பாலும் அவ்வாறே கற்பிக்கப்படுகின்றது. ஆயின், ஒரு நகரத்தின் நிலப்பரப்பு அந்நகரின் உழைப்புப் பிரிவினையைத் தன்மீது எழுதிக்கொள்கின்றது என்னும் உண்மை அக்காதையிலே தெளிவாகவே புலப்படுகின்றது. காவிய ஆசிரியர் அதனை விமர்சனமாகக் கூறவில்லை, சிறப்பாகவே கூறினார். எனினும் உழைப்போரை அவர் அவரவர் தொழிற்பெயர் சுட்டியே கூறினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மருவூர்ப்பாக்கத்து அப்பஞ் சுடுவோருக்கு ஒரு பெயர் இருந்தது. கொழும்பு மாநகரின் மீளமைப்பு ஆவணங்களிலே அதே தொழிலைச் செய்யும் பெண்ணுக்கு அத்தகைய பெயர் இல்லை. அவர் 'குறைவசதிக் குடியிருப்பு' ஒன்றிலுள்ள குடும்ப அலகு. இப்பெயர் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்குப் பின்னே இயங்கும் சமூக சக்திகள் யாவை என்பதைச் சில சொற்களின் வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நகர அமைப்பு என்பது கட்டடக் கலைஞருக்கும் பொறியியலாளருக்கும் உரிய துறை, இலக்கிய மாணவருக்கு அங்கே என்ன அலுவல் என்று கேட்பாருளர். திட்டங்கள் கற்களால் எழுப்பப்படுவதற்கு முன்னர்ச் சொற்களால் எழுப்பப்படுகின்றன. சொற்களை ஐயுற்று நோக்குவது நமது தொழில். அந்த அளவிலேனும் நமக்கு அங்கு அலுவலுண்டு.

'தோட்டம்' என்னும் சொல்லிலிருந்து தொடங்குதல் பொருந்தும். இலங்கைத் தமிழிலே இச்சொல் பெற்றுள்ள பொருள்விரிவு வியப்புக்குரியது. யாழ்ப்பாணத்தானுக்குத் தோட்டம் என்பது வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்யும் நிலம். தன் கையால் இறைத்து விளைவிக்கும் பூமி. மலையகத்தானுக்குத் தோட்டம் என்பது அவன் உழைப்பை விற்கும் இடம், அதேவேளை அவன் பிறந்து வளர்ந்து மடியும் இடம். அங்கே நிலம் அவனுடையதன்று. கொழும்பிலோ ஒன்றுக்கொன்று முற்றிலும் எதிரான இரு பொருள்களில் இச்சொல் வழங்குகின்றது. கறுவாத்தோட்டம் என்றால் செல்வரின் மாளிகைகளும் தூதரகங்களும் நிழல்தரு வீதிகளும் அமைந்த பகுதி. வெறுமனே தோட்டம் என்றால், சிங்களத்தில் 'வத்த' என்றால், ஒரு பொதுக் குழாயையும் ஒரு வரிசை மலசலகூடங்களையும் சூழ்ந்து நெருங்கிய ஓரறை வீடுகளின் தொகுதி. வீதியிலிருந்து அதற்குள்ளே செல்லும் ஒடுங்கிய வழியே முடுக்கு. சிங்கள மொழி இத்தமிழ்ச் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதனைச் சேரிக்கே பெயராக்கிவிட்டது. இரு மொழிகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் பற்றிப் பேசும் அறிஞர்கள் அரசவைப் புலவரின் சொற்களைப் பட்டியலிடுவர். இவ்வாறான கொடைகள் அப்பட்டியல்களில் இடம்பெறுதல் அரிது.

செல்வரின் தோட்டமும் வறியோரின் தோட்டமும் ஒரே வரலாற்று இயக்கத்தின் இரு விளைவுகளாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொழும்பின் வசதி படைத்தோர் வடபகுதியிலே, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஆகிய இடங்களிலே, மரங்கள் அடர்ந்த பெருவளவுகளில் வாழ்ந்தனர். கோப்பிப் பொருளாதாரம் கொழும்பைத் தீவின் களஞ்சியமாக்கிற்று. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேல் அலைதடுப்பு 1885இல் நிறைவெய்தியதும் காலியின் கப்பல் வாணிபம் கொழும்பை வந்தடைந்தது. துறைமுகத்தைச் சூழவிருந்த பகுதி புகையும் கரியும் பண்டசாலையும் நிறைந்த தொழிற்பகுதியாக மாறவே, செல்வர் தெற்கே கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளிலே வரிசை வீடுகள் எழுந்தன. துறைமுகத் தொழிலாளர், பண்டசாலைக் கூலிகள், வண்டிக்காரர், நகரசபைச் சுத்திகரிப்பாளர் ஆகியோர் அறைக்கு வாடகை கொடுத்து அங்கே குடியேறினர். வளவின் மரங்கள் வெட்டப்பட்டன. தோட்டம் என்ற பெயர் மாத்திரம் எஞ்சிற்று.

இவ்வரிசை வீட்டின் அமைப்பை உற்று நோக்குவோர் மலையகத்து லயத்தை நினையாதிருத்தல் இயலாது. ஒற்றைக் கூரை, பொதுச் சுவர், முன்னே ஒரு சிறு விறாந்தை, ஒரே அறை. தேயிலையைக் கொய்தவரும் அத்தேயிலையைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றியவரும் ஏறத்தாழ ஒரே வகையான அறையில் வாழ்ந்தமை தற்செயலன்று. உழைப்புச் சக்தியின் மீளுற்பத்திக்கு இயன்ற அளவு குறைவாகச் செலவிடுதல் என்னும் ஒரே கணக்கு மலையுச்சியிலும் துறைமுகத்திலும் செயற்பட்டது. ஆங்கிலத்திலே பெருந்தோட்டத்துக்கும் நிலச்சொத்துக்கும் 'எஸ்டேட்' என ஒரே சொல் வழங்குவது இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அச்சொல் மீண்டும் நம்மிடம் வரும்.

1914இல் கொழும்பிலே கொள்ளைநோய் தோன்றியது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், மனிதர் வாழ்வதற்கு ஒவ்வாத கட்டடங்களை மூடுவிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கிற்று. நோயை அஞ்சியே ஆளும் வர்க்கம் வறியோரின் வீட்டுக்குள் முதன்முதலாக எட்டிப்பார்க்கின்றது என்பது மான்செஸ்டர் முதல் கொழும்பு வரை பொதுவான உண்மை. இச்சூழ்நிலையிலேயே பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்பு பற்றிய தமது முதனிலை அறிக்கையை எழுதினார். கொழும்பு 'கீழைத்தேயத்தின் உத்தியான நகரம்' ஆக வேண்டுமென்ற கருத்து அவருடைய பெயருடன் இணைத்தே இன்றுவரை பேசப்படுகின்றது.

கெடிஸுக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. உயிரியல் பயின்ற அவர் நகரத்தை ஓர் உயிரியாகக் கண்டவர். 1915இல் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியைப் பார்வையிட்டபோது, நெருக்கத்தைக் குறைக்கிறோம் என்று நேரான அகன்ற வீதிகளை ஊடறுத்து வெட்டும் பொறியியலாளர் முறையை அவர் வன்மையாக எதிர்த்தார். தவிர்க்கவியலாத சில வீடுகளை மாத்திரம் நீக்கி, ஒழுங்கைகளுக்கிடையே சிறு வெளிகளை உண்டாக்கி, எஞ்சியவற்றைத் திருத்திப் பேணும் முறையை முன்வைத்தார். 'பேணும் சத்திரசிகிச்சை' என்பது அவருடைய தொடர். வீட்டை இழப்போரின் துன்பத்தையும் செலவுக் கணக்கிலே சேர்க்கவேண்டுமெனக் கருதிய மிகச் சில நகர வல்லுநருள் அவரும் ஒருவர். ஆயின் கொழும்பு அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? சத்திரசிகிச்சைக்காரனின் நிதானத்தை அன்று. உத்தியானம் என்னும் சொல்லை. ஒரு சிந்தனையாளனிடமிருந்து ஆளும் வர்க்கம் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் முறைக்கு இதனினும் துலக்கமான சான்று வேண்டுவதில்லை. 1949இன் அபர்குறொம்பித் திட்டம் நகரைச் சூழத் துணைநகரங்களை வகுத்தது. தோட்டங்களைப் பொறுத்தவரை அது ஏற்படுத்திய மாற்றம் குறைவே.

சுதந்திரத்திற்குப் பிற்பட்ட காலத்தில் இரண்டு நிகழ்வுகள் நின்று நோக்கத்தக்கன. முதலாவது, 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். இடதுசாரிகள் பங்குகொண்ட கூட்டரசாங்கத்தின் ஆட்சியிலே, கொம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராகவிருந்த வேளையில் இச்சட்டம் வந்தது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசிடம் வந்தன; தோட்டங்கள் பல தனியார் வாடகைப்பிடியினின்றும் விடுபட்டன. எனினும் அங்கு வாழ்ந்தோர் பலர் உறுதி பெற்ற உடைமையாளராகவில்லை. தனியார் நிலக்கிழாரின் இடத்திலே அரசு வந்தமர்ந்தது. அரசு யாருடையது என்னும் வினாவை நமது தோழர்கள் அன்று போதியளவு எழுப்பவில்லை என்பதை இன்று கூறித்தானாக வேண்டும். அன்று பெற்ற அரைகுறை உரிமையே பின்னர் இவர்களை வெளியேற்றுவதற்கு வசதியாயிற்று.

இரண்டாவது, 1978. திறந்த பொருளாதாரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரே அரசாங்கம் இரண்டு கருவிகளை உருவாக்கிற்று. ஒன்று, அவ்வாண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகாரசபை. மற்றையது, நூறாயிரம் வீட்டுத் திட்டமும் அதனைத் தொடர்ந்து 1984இல் வந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும். பின்னையது வறியோரை இருந்த இடத்திலேயே இருத்தி, சிறுகடன் வழங்கி, அவர்களே தத்தம் வீட்டைத் திருத்திக்கொள்ள இடமளித்தது. வாக்குவங்கியை நோக்கமாகக் கொண்ட செயல் அது. அரசு தன் பொறுப்பை மக்களின் தோளில் இறக்கிய செயலுமாகும். ஆயினும் முடுக்கு முடுக்காகவே இருந்து திருந்தலாம் என்னும் எண்ணம் அதிலே இருந்தது. கெடிஸின் தஞ்சைக் கருத்து கொழும்பிலே ஓரளவு நடைமுறைக்கு வந்தது, அவருடைய பெயர் உச்சரிக்கப்படாத அந்த ஒரு வேளையிலேதான். முதலாளித்துவ அரசின் முரண்பாடுகளை நேர்கோட்டில் வைத்து விளங்கிக்கொள்ள முற்படுவோருக்கு இது சற்று இடர்ப்பாடான உண்மை.

1998இல் நிலை மாறிற்று. அவ்வாண்டு 'றியல் எஸ்டேட் எக்ஸ்சேஞ்ச்' என்னும் அரச கம்பனி நிறுவப்பட்டது. பெயரைக் கவனிக்க: நிலச்சொத்துப் பரிமாற்று. தோட்டவாசிகள் தாம் குடியிருக்கும் நிலத்தைக் கையளித்துத் தொடர்மாடியிலே ஒரு வீட்டைப் பெறுவர். விடுவிக்கப்பட்ட நிலம் வாணிபத்துக்குச் செல்லும். இத்திட்டத்தின் முதற்கனியாகிய பதினான்கு மாடிச் சஹஸ்புர 2001இல் வனாத்தமுல்லைப் பகுதியிலே 671 வீடுகளுடன் எழுந்தது. பயன்பெறுமானம், பரிமாற்றுப் பெறுமானம் என்னும் கருத்துகளை மாணவர்க்கு விளக்குவதற்கு மூலதன நூலின் முதல் அத்தியாயத்தை நாடும் ஆசிரியர்கள் இனி அக்கம்பனியின் பெயர்ப்பலகையையே காட்டலாம். குடியிருப்போனுக்கு நிலம் படுக்கை, அடுப்பு, கடை, பிள்ளை விளையாடும் முற்றம். கம்பனிக்கு அது ஒரு தொகை. இரண்டுமே ஒரே நிலத்தில் உள்ளன. ஆனால் இரண்டாவது பெறுமானம் பெறப்படுவதற்கு முதலாவது அழிந்தாகவேண்டும்.

யுத்தம் முடிவுற்றதன் பின்னர், 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2015 வரை அவ்வாறே இருந்தது. அதே 2010இன் மே மாதத்திலே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டமை வரவிருந்ததற்கு முன்னறிவிப்பாயிற்று. அதிகாரசபையின் கணக்கெடுப்பு 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் இருப்பதாகக் கூறிற்று. அவை பிடித்துள்ள நிலம் சுமார் 900 ஏக்கர், அதாவது மாநகர நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு. இவ்வெண்கள் நிலத்தை மிகையாகப் பிடித்துவைத்திருப்போர் என இம்மக்களைச் சுட்டுவதற்கே பெரிதும் பயன்படுத்தப்பட்டன. ஆனால் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் இத்துணைச் சிறிய பங்கு நிலத்திலே அடங்கியிருந்தார்கள் என்றும் அதே எண்களை வாசிக்கலாமன்றோ?

இக்கணக்கெடுப்புடன் வழக்கூன்றிய சொல்தான் 'குறைவசதிக் குடியிருப்பு'. ஆங்கில மூலத்தின் நேர்ப்பொருள் 'போதிய சேவை வழங்கப்படாத குடியிருப்பு' என்பதாகும். செயப்பாட்டுவினை இங்கே ஆற்றும் தொண்டு இலக்கண மாணவர் அனைவரும் ஆராயத்தக்கது. சேவை வழங்கப்படவில்லை; யாரால்? வினைமுதல் மறைந்துவிட்டது. வரி அறவிட்ட மாநகரசபை அங்கே குழாயையும் வடிகாலையும் இடவில்லை என்று செய்வினையிற் கூறியிருப்பின், குற்றம் சபையினுடையதாகும். பரிகாரம் குழாய் இடுதலாகும். செயப்பாட்டுவினையிற் கூறியதும் குறை அக்குடியிருப்பின் இயல்பாகிவிடுகின்றது. பரிகாரம் குடியிருப்பை அகற்றுதலாகின்றது. இலக்கணம் நடுநிலையானது என்று நம்புவோர் இவ்விடத்தில் சற்றுத் தரிக்க வேண்டும். கொம்பனித்தெருவிலே உறுதியுடைய, ஆதனவரி செலுத்திய, மாடியுடைய கல்வீடுகளிற் பலவும் இந்த ஒரே சொல்லின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. சொல்லின் விரிவு ஏக்கரின் விரிவாயிற்று.

வெளியேறியோர் சென்றடைந்த தொடர்மாடிகளின் பெயர்கள் மெத்சர உயன, சிறிசர உயன, முவதொர உயன என்றவாறு அமைந்தன. உயன என்பது உத்தியானம் என்னும் வடசொல்லின் வழிவந்த சிங்களச் சொல். அரசரின் இன்பப் பூங்காவைக் குறித்துப் பழைய இலக்கியங்களிற் பயின்று வந்தது. ஆக, 'வத்த'யிலிருந்து 'உயன'வுக்கு, தோட்டத்திலிருந்து உத்தியானத்துக்கு, மக்கள் உயர்த்தப்பட்டனர். முன்னையதில் மரங்கள் வெட்டப்பட்ட பின்னரும் பெயர் எஞ்சியிருந்தது. பின்னையதிலோ பெயருக்குரிய பூங்கா தொடக்கத்திலேயே இல்லை. பத்து, பன்னிரண்டு மாடிகளும் சீமெந்துத் தாழ்வாரங்களும் மின்தூக்கியுமே உள்ளன. கெடிஸின் பெயரால் வழங்கும் உத்தியான நகரக் கனவு, தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர், இவ்வாறு பெயர்ப்பலகையாகப் பூத்தது.

பெயருக்கும் இடத்துக்குமிடையிலான இம்முரணைத் தமிழிலே முதலிற் கண்டுகொண்டவர் புதுமைப்பித்தன். 1934இல் வெளிவந்த 'பொன்னகரம்' என்னும் சிறுகதையின் தலைப்பே ஒரு நகரத் திட்டத்தின் மீதான விமர்சனம். ஆலைத்தொழிலாளி அம்மாளுவும் குதிரைவண்டியோட்டும் அவள் கணவனும் வாழும் சந்துக்கு அந்தப் பெயர். கதையின் பெரும்பகுதி அவ்விடத்தை விவரிப்பதிலேயே செல்கின்றது. ஆயின் நமது விமர்சகர்கள் அக்கதையைக் கற்புப் பற்றிய கதையாகவே தொண்ணூறு ஆண்டுகளாகப் படித்து வருகின்றனர். இறுதி வரிகளின் உறைப்பிலே சந்து மறைந்துவிட்டது. அம்மாளுவின் முடிவு அச்சந்தின் பொருளாதாரத்திலிருந்து பிரிக்கவியலாதது. தேகம் பண்டமாவதற்கு முன்னர் உறைவிடம் பண்டமாகிவிட்டது என்பதை அக்கதையின் கட்டமைப்பே உணர்த்துகின்றது.

இனி, மாடியிலே என்ன நிகழ்கின்றது என்பதைப் பார்ப்போம். முடுக்கின் வீடு வெறும் உறைவிடமன்று, உற்பத்திச் சாதனமுமாகும். அதிகாலையிலே அப்பஞ் சுட்டு, இடியப்பம் அவித்து வாசலில் வைத்து விற்கும் பெண்ணுக்கு வாசலே கடை. முச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கு வண்டி கண்முன்னே நிற்கவேண்டும். தையல் இயந்திரம் வைத்திருப்பவள், பழைய பொருள் சேர்ப்பவன், மீன் கூடையோடு திரும்புபவன் ஆகிய அனைவரும் வீதிமட்டத்திலே வாழ்வதனாலேயே உழைக்க முடிகின்றது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வேலைக்குச் செல்வதும், மாத முடிவு வரை கடைக்காரரிடம் கடன் சொல்வதும், சீட்டுப் பிடிப்பதும் இவ்வுற்பத்தி முறையின் பிரிக்கவியலாத கூறுகள். பணமாகக் கணக்கிடப்படாமையால் இவை எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறா. அப்பஞ் சுடுபவளைப் பத்தாம் மாடியில் நானூறு சதுர அடி வீட்டிலே குடியேற்றும்போது, அவளுக்கு முன்பிருந்ததைவிட நல்ல வீடு கிடைத்திருக்கலாம். அப்பம் வாங்குவோர் பத்து மாடி ஏறி வாரார். வீடு கொடுக்கப்பட்டது, கடை பறிக்கப்பட்டது. ஆவணத்தில் முன்னது மாத்திரமே பதிவாகும்.

இதனோடு கடனும் சேர்கின்றது. சஹஸ்புரவிலே நிலத்துக்கு ஈடாக வீடு வழங்கப்பட்டது. 2010க்குப் பிற்பட்ட திட்டத்திலோ, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 முதல் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் காட்டுவதுபோல, குடியேற்றப்பட்டோர் பத்து இலட்சம் ரூபா அளவிலான தொகையை இருபது, முப்பது ஆண்டுகளுக்குத் தவணையாகச் செலுத்தவேண்டியிருந்தது. தொடக்கத்திலேயே ஒரு இலட்சம் ரூபாவும், பராமரிப்புக்கென ஐம்பதாயிரம் ரூபாவும் கோரப்பட்டன. பலர் நகையை ஈடுவைத்தனர். நாளாந்தம் உழைத்து நாளாந்தம் உண்ணும் ஒருவர் மாத முதலாந் திகதிக்குக் கட்டுப்பட்ட கடனாளியாக மாற்றப்படுவது வெறும் நிதி ஏற்பாடன்று. காலத்தை அனுபவிக்கும் முறையே மாற்றப்படுகின்றது.

இவ்வாறு கூறுவதால் முடுக்கு வாழ்வை நாம் இலட்சியப்படுத்துகிறோம் எனக் கொள்ளலாகாது. மழைக்காலத்திலே முழங்காலளவு அழுக்குநீர் புகும் வீட்டுக்கு ஏங்குபவர் அவ்வீட்டில் வாழாதவராகவே இருப்பர். விடியுமுன் பொது மலசலகூடத்தின் வரிசையிலே நிற்கவேண்டியிருந்த பெண்கள் தம் வீட்டுக்குள்ளேயே ஒரு கதவைத் தாழிட்டுக்கொள்ளக் கிடைத்தமையை விடுதலையாகவே உணர்ந்தனர். அதனைப் பெற்ற பலர் மனநிறைவையும் வெளியிட்டுள்ளனர். அவர்களுடைய மகிழ்ச்சியைப் பொய்யுணர்வு என்று தள்ளிவிடும் உரிமை தனிக் குளியலறையுடைய விமர்சகருக்கு இல்லை. ஆனால் அக்கதவும் தாழும் குழாயும் இருந்த இடத்திலேயே ஏன் தரப்படவில்லை என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. 1984இன் திட்டம் குறைபாடுகளோடேனும் அதனைச் செய்யமுற்பட்டது. 2010இன் திட்டம் அதனைச் செய்யாமைக்குக் காரணம் நுட்பக் குறைவன்று, நிலத்தின் விலை.

1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ், பாரிஸில் ஹவுஸ்மன் கையாண்ட முறையை நகரங்கள் அனைத்துக்கும் பொதுவான முதலாளித்துவ முறையாக விளக்கினார். அழுக்கு ஒழுங்கைகள் மறையும், முதலாளி வர்க்கம் தன்னைப் பாராட்டிக்கொள்ளும், அவ்வொழுங்கைகள் வேறோரிடத்தில் உடனே தோன்றும் என்பது அவரது முடிபு. கொழும்பிலே இதற்கு மிகக் கொடிய சான்று மக்களைப் பற்றியதன்று, குப்பையைப் பற்றியது. அழகுபடுத்தப்பட்ட நகரின் குப்பை மாநகர எல்லைக்கு அப்பால், கொலன்னாவைப் பகுதியின் மீதொட்டமுல்லையிலே, வறியோரின் வீடுகளை ஒட்டி மலையாக வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. தப்பியோருட் பலருக்கு வழங்கப்பட்ட நிவாரணம் தொடர்மாடி வீடு. தூய்மை என்பது ஒரு பொருளை அகற்றுவதன்று, அதனை இன்னொருவரின் வாசலுக்குப் பெயர்ப்பதே என்னும் எங்கெல்ஸின் கருத்துக்கு உரை தேவையில்லை.

மரபுரிமை என்னும் சொல்லையும் இங்கே சோதித்தல் வேண்டும். 2011இல் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை செப்பனிடப்பட்டு உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. 2014இல் பிரித்தானியர் காலத்து மனநோயாளர் வைத்தியசாலையாக விளங்கிய கட்டடம் சுதந்திர சதுக்கத்தருகே ஆடம்பர அங்காடியாயிற்று. அவை பேணப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆனால் கொம்பனித்தெருவிலே, கீழே கடைகளும் மேலே குடிகளுமாக பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நின்ற டி சொய்சா கட்டடம் 2021இல் இடிக்கப்பட்டது. முன்னைய இரண்டும் அங்காடியாக மாறவல்லன. பின்னையது ஏற்கெனவே அங்காடியாகவே இருந்தது, தவறான மக்களுக்கு. சாதாரண மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் கட்டடம் மரபுரிமையாவதில்லை. அவர்கள் வெளியேறிய பின்னரே கல்லுக்கு வரலாறு தோன்றுகின்றது.

இன்னுமொன்று. கொழும்பு மாநகரத்திலே 2012இன் குடிசன மதிப்பீட்டின்படி எந்த இனத்தவரும் அரைவாசியாக இல்லை. தோட்டங்களிலே தமிழர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர் ஒரே குழாயடியில் மூன்று மொழிகளில் வாதாடி வாழ்ந்துள்ளனர். 2007 ஜூன் மாதத்திலே கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பாதுகாப்பின் பெயரால் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். உயர்நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளையே அதனைத் தடுத்தது. மூன்றாண்டுகளின் பின்னர் நகரை அழகுபடுத்தும் பொறுப்பு அதே பாதுகாப்பு அமைச்சுக்குச் சென்றமையைத் தற்செயலெனக் கொள்வதற்கில்லை. இனஒடுக்குமுறையை மட்டும் காண்போர் இடிக்கப்பட்ட சிங்களத் தொழிலாளியின் வீட்டைக் காணத் தவறுவர். வர்க்கத்தை மட்டும் காண்போர் வீட்டை இடிக்க வந்தது ஏன் படையணி என்பதை விளக்கவியலாது தடுமாறுவர்.

இவை யாவும் நமது இலக்கிய விமர்சனத்தை நோக்கியும் ஒரு வினாவை எழுப்புகின்றன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஈழத்து முற்போக்கு இயக்கம் 'மண்வாசனை' என்னும் கோட்பாட்டை முன்வைத்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் நிழலிலிருந்து நமது எழுத்தை விடுவித்ததில் அதன் பங்கு பெரிது. ஆயின் அந்த மண் எது? வடக்கின் செம்மண், கிழக்கின் வயல், மலையகத்தின் தேயிலை மண். முடுக்கின் சீமெந்துத் தரைக்கு வாசனை உண்டென நாம் எண்ணவில்லை. அதற்கு நாற்றமே உண்டென எண்ணினோம் போலும். சென்னைச் சேரியைப் படைத்த ஜெயகாந்தனைப் போற்றிய நாம், கொழும்பைப் பெரும்பாலும் உத்தியோகம் பார்க்கும் ஊராக, லொட்ஜ் அறையாக, ஊருக்குத் திரும்பும் புகையிரதத்தின் புறப்படு நிலையமாகவே வாசித்தோம். இளங்கீரன் போன்றோர் கொழும்பைக் களமாகக் கொண்டு எழுதியபோதும், நமது விமர்சனம் அங்கே பாத்திரங்களின் கொள்கையைத் தேடிற்று. அவர்கள் எந்த முடுக்கில், எத்தனை அடி அறையில், யாருக்கு வாடகை கொடுத்து வாழ்ந்தனர் என்று கேட்கவில்லை. கொழும்பின் தோட்டத்து மக்கள் பேசும் தமிழும் நமது கிளைமொழி ஆய்வுகளில் உரிய இடத்தைப் பெறவில்லை. அது கலப்புத் தமிழென ஒதுக்கப்பட்டது.

அத்தமிழும் அதற்குரிய இடங்களோடு சிதறிக்கொண்டிருக்கின்றது. பல தோட்டங்களுக்கு வீதி இலக்கமே பெயர். சிலவற்றுக்கு மறைந்துபோன வளவுக்காரரின் பெயர். சிலவற்றுக்கு அங்கே நின்ற மரத்தின் பெயர். இவற்றைத் தொகுத்தல், எந்தத் தோட்டத்து மக்கள் எந்த மாடிக்குச் சென்றனர் எனக் குறித்துவைத்தல், குழாயடியின் சொற்களைப் பதிவுசெய்தல் ஆகியவை ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பணிகளல்ல. வனாத்தமுல்லைத் தொடர்மாடியொன்றின் கீழ்த்தளத்தில் முன்பின் அறியாத இருவர் பேசத்தொடங்கும்போது ஒருவரையொருவர் 'எந்தத் தோட்டம்?' என்று வினவிக்கொள்வதை நாம் கேட்டிருக்கின்றோம். விடையாக வந்த பெயருக்குரிய நிலத்தைச் சுற்றி அப்போது தகரவேலி அடைக்கப்பட்டிருந்தது.